கொக்கிக்கு எட்டு வருட அவகாசம்

ஒக்டோபர் பிறந்து தென்மேல் காற்று அடங்கினால் நுரைச்சோலைக்குக் கப்பல் வரத் தொடங்கும். ஏப்ரல் வரை வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் அறுபதாயிரம் தொன் அளவில் நிலக்கரி. கரையை அண்ட ஆழம் போதாது என்பதால் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். பாரப்படகுகள் போய் வாங்கி வந்து இறங்குதுறையில் கொட்டும். லக்விஜய அனல்மின் நிலையம் அதைத் தின்று 900 மெகாவாட் வரை கக்கும். நாட்டுக்கு வெளிச்சம், நுரைச்சோலைத் தோட்டங்களுக்குக் கரித்தூள் என்று பங்கீடும் ஒழுங்காக நடந்துவிடும். அதை இன்னொரு நாள் திட்டிக்கொள்ளலாம்.

இன்று பேச்சு அந்தக் கப்பல்களில் இருக்கும் செம்மஞ்சள் உயிர்காப்புப் படகைப் பற்றி. மாம்புரியிலிருந்தும் கந்தக்குழியிலிருந்தும் தொழிலுக்குப் போகிறவர்கள் அதைக் கிட்டத்தில் கண்டிருப்பார்கள். பழைய கப்பல் என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தொங்கும். புதியது என்றால் பின்புறத்தில் ஒன்று, மூக்கைக் கடலுக்குச் சரித்துக்கொண்டு நிற்கும். மூடிய கூரை, டீசல் இன்ஜின், ஆசனத்துக்கு ஆசனம் பட்டி, குடிதண்ணீர், பிஸ்கட். சர்வதேச விதிப்படி உள்ளே ஒரு தூண்டில் செட்டும் இருக்க வேண்டும். கற்பிட்டிக் கடலில் இரவு முழுக்க வலைபோட்டு வெறும் வள்ளத்தோடு திரும்புகிறவனுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் விதி எழுதியவர்கள் எதையும் மறக்கவில்லை என்பதற்கு அந்தத் தூண்டில் சாட்சி. தப்பியவன் பசியால் சாகக்கூடாது என்று யோசித்தவர்கள், அவன் படகோடு விழுந்து சாகக்கூடாது என்பதை யோசிக்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கால் நூற்றாண்டு.

பிரித்தானியாவின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2001 இல் தன் பத்து வருடக் கோப்புகளைக் கிளறிப் பார்த்தது. உயிர்காப்புப் படகும் அதை இறக்கி ஏற்றும் பொறிகளும் 12 மாலுமிகளைக் கொன்றிருந்தன. 87 பேரைக் காயப்படுத்தியிருந்தன. அந்தக் கோப்புகளில் வணிகக் கப்பல்களில் செத்தவர்களில் 16 வீதம் இந்தக் கணக்கு. ஒரு கப்பலும் எரியவில்லை, மூழ்கவில்லை, பாறையில் ஏறவில்லை. எல்லாம் பயிற்சியிலும் பரிசோதனையிலும் நடந்த சாவுகள். செத்தவர்கள் கற்றுக்குட்டிகளும் இல்லை. சான்றிதழும் அனுபவமும் உள்ளவர்கள். ஆபத்து வந்தால் தப்புவது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தபோது, ஆபத்து என்று எதுவும் வராத ஒரு சாதாரண நாளில் செத்தார்கள்.

இது ஒரு நாடு தன் அலுமாரியைத் திறந்ததில் விழுந்த கணக்கு. உலகத்தின் பெரிய வணிகக் கப்பல்களில் பல பறக்கவிடுவது லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகியவற்றின் கொடிகளை. அவர்களின் அலுமாரிகளில் எத்தனை என்பதை அந்த அலுமாரிகளிடம்தான் கேட்க வேண்டும்.

கொலையாளி யார் என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. படகு முன்னுக்கு ஒரு கொக்கியிலும் பின்னுக்கு ஒரு கொக்கியிலும் தொங்குகிறது. கொக்கியின் வாலை உள்ளே ஒரு சிறிய இரும்புச் சுழலி தடுத்துப் பிடித்திருக்கிறது. படகுக்குள் இருப்பவர் நெம்புகோலை இழுத்தால் கேபிள் அந்தச் சுழலியைத் திருப்பும், இரண்டு கொக்கியும் ஒன்றாகத் திறக்கும். படகு தண்ணீரில் இருந்தால் நல்லது. பதினைந்து மீற்றர் உயரத்தில் தொங்கும்போது திறந்தால், படகு தண்ணீரைத் தொடும் வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றரைத் தாண்டும். அந்த வேகத்தில் கடல் தண்ணீருக்கும் சீமெந்துத் தரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கொக்கி மட்டும் திறந்தால் இன்னும் மோசம்: படகு செங்குத்தாகத் தொங்கி, உள்ளே இருப்பவர்களை ஒருவர் மேல் ஒருவராகக் கொட்டும்.

பல பழைய வடிவங்களில் படகின் பாரமே கொக்கியைத் திறக்கப் பார்க்கும். அந்தச் சுழலி முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தால்தான் பிடி. முக்கால்வாசி திரும்பியிருந்தாலும் வெளியே பார்க்கிறவனுக்குப் பூட்டியது போலவே தெரியும். பயிற்சி முடிந்து படகை மேலே ஏற்றும்போது, அலையில் ஆடிக்கொண்டு, உப்பில் துருவேறிய கேபிளோடு அவசரமாகக் கொளுவுகிறார்கள். மேலே வரும் வரை பிடித்திருக்கும். வந்த பிறகு விடும்.

இப்படி ஒரு கொக்கியை யார் கேட்டார்கள்? அதற்கும் ஒரு சாவுக் கதை உண்டு. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற நோர்வே மிதவைத் தளம் கவிழ்ந்தது. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களின் தங்குமிடம் அது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். அப்போதைய கொக்கி, பாரம் இருக்கும்வரை திறக்காது. அலை படகைத் தூக்கித் தூக்கி அடித்தது, கொக்கி விடவில்லை. ஆகவே பாரத்தோடும் திறக்கும் கொக்கி வேண்டும் என்று உலகம் முடிவு செய்தது. 1986 ஜூலை 1 முதல் புதிய கப்பல்களுக்கு அது கட்டாயமானது. தேவை நியாயமானது, யாரும் மறுக்க முடியாது. திறக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள்; கம்பனிகள் திறக்கும் கொக்கி செய்தன. திறக்கவே கூடாத நேரத்தில் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதை எழுதும்போது மட்டும் பேனையில் மை குறைந்திருந்தது. ஆளாளுக்கு ஒரு வடிவம், ஆளாளுக்கு ஒரு கையேடு. போன மாதம் வேறு கப்பலில் வேறு கொக்கியோடு வேலை செய்த போசன் என்ற மாலுமித் தலைவர், இந்த மாதம் இந்தக் கொக்கியின் கையேட்டை அரைகுறை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுப் படகில் ஏறுவார்.

ஏறாமல் இருக்கவும் முடியாது. மாதம் ஒரு முறை கப்பலைக் கைவிடும் பயிற்சி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடும் கப்பலில் இதைச் செய்ய முடியாது. துறைமுகத்தில் இடமும் நேரமும் இல்லை. நங்கூரமிட்டு நிற்கும் நாள்தான் தோது. 2004 ஒக்டோபர் 7 அன்று அவுஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டுக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது லோலண்ட்ஸ் கிரேஸ் என்ற மொத்தச் சரக்குக் கப்பல். நுரைச்சோலைக்கு வெளியே நிற்பவற்றின் அதே சாதி. படகு விழுந்தது. இரண்டு பேர் செத்தார்கள்.

பயணிகள் கப்பலில் விழுந்தால் தொலைக்காட்சியாவது வரும். 2013 பெப்ரவரியில் கனரித் தீவுகளின் லா பால்மாவில் தொம்சன் மஜெஸ்டி என்ற உல்லாசக் கப்பலின் படகு, பயிற்சியின்போது கம்பி வடம் அறுந்து தலைகீழாக விழுந்து ஐந்து பணியாளர்கள் செத்தார்கள். உல்லாசப் பயணிகளின் கமராக்கள் பக்கத்தில் இருந்ததால் உலகம் ஒரு வாரம் கவலைப்பட்டது. செத்தவர்கள் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கானா நாட்டவர்கள் என்று தெரிந்ததும் அந்தக் கவலையும் விடுமுறை முடிந்து வீட்டுக்குப் போனது.

இனி, சாவுக்குப் பிறகு எழுதப்படும் காகிதம். கம்பனியின் அறிக்கை தயாரிக்கும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளை கப்பலுக்குப் போனால் உதவும். முதலில் "மனிதத் தவறு" என்று எழுத வேண்டும். செத்தவன்தான் அந்த மனிதன் என்பதை எழுதத் தேவையில்லை, வாசிப்பவர்களுக்குத் தெரியும். அடுத்தது, "கையேட்டில் கூறப்பட்ட நடைமுறை பின்பற்றப்படவில்லை." அந்தக் கையேட்டைப் பின்பற்றக்கூடியவர் அதை எழுதிய பொறியியலாளர் மட்டுமே என்பது அறிக்கையின் எல்லைக்குள் வராது. பிறகு, "பணியாளர்களுக்கு மேலதிகப் பயிற்சி வழங்கப்படும்." அதாவது, பயிற்சியில் செத்தவனின் நண்பர்களை இன்னும் அதிகமாகப் பயிற்சிக்கு ஏற்றப்போகிறார்கள். கடைசியாக ஆழ்ந்த அனுதாபம். அனுதாபம் மட்டும் எப்போதும் ஆழமாகவே இருக்கும்; அதற்கு நங்கூரமிட இடம் தேட வேண்டியதில்லை.

அந்த மனிதன் தவறு செய்தான் என்றே வைத்துக்கொள்வோம். கொக்கியைப் பாதி பூட்டினான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆடுகிற படகில், ஈரக் கையோடு, கீழே குனிந்து ஒரு சுழலி எத்தனை பாகை திரும்பியது என்று பார்க்க வேண்டியவன் ஒரு தடவை பிழை விட்டான். ஒரு பிழைக்கு மரண தண்டனை விதிக்கும் பொறியை வடிவமைத்தவனின் பிழைக்கு என்ன பெயர்? அதற்குக் காப்புரிமை என்று பெயர்.

லண்டனில் சர்வதேச கடல்சார் அமைப்பு சும்மா இருக்கவில்லை. சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்றை விளக்க இன்னொன்று, அதைத் திருத்த வேறொன்று. 2009 இல் வந்த ஒன்று கண்ணாடி போட்டு வைக்கத் தக்கது. கொக்கி தானாகத் திறந்தாலும் படகு விழாமல் இருக்க, கொக்கியைச் சுற்றிப்போக ஒரு தடுப்பு போடலாம் என்றது. தடுப்பு என்றால், பலமான நார்ப்பட்டி அல்லது ஒரு ஊசித் தண்டு. பொறியியலாளர்கள் கணினியில் வரைந்து, ஆய்வுகூடத்தில் இழுத்துப் பார்த்து, வகைப்பாட்டுச் சங்கங்கள் முத்திரை குத்தி, அரசாங்கங்கள் அங்கீகரித்த உபகரணம். அதை நம்ப முடியாது, பட்டி போட்டுக் கட்டுங்கள் என்றார்கள். உடப்பில் கரைவலை இழுக்கிற பெரியவர் யாரிடமாவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்: பாரம் ஏறும் இடத்தில் ஒரு பிடியை மட்டும் நம்பாதே தம்பி, இன்னொரு கயிறு போடு. அவருக்கு ஆலோசனைக் கட்டணம் ஒரு வெற்றிலைச் சுருளோடு முடிந்திருக்கும்.

அதோடு இன்னொரு புத்திமதியும் வந்தது. படகை இறக்கும்போது முதலில் ஆட்கள் இல்லாமல் இறக்கிப் பாருங்கள். தண்ணீரில் நின்றபிறகு ஆட்கள் ஏறட்டும் என்றார்கள். நல்ல புத்திமதி, சந்தேகமில்லை. எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அதன் பொருளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உயிர் காக்கும் படகைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் வழி, அதில் உயிர் எதுவும் இல்லாமல் பயன்படுத்துவது. கப்பல் உண்மையாகவே எரிகிற நாளில் மட்டும் எல்லோரும் ஏறித் தொங்க வேண்டும். அன்று கொக்கி நல்ல மனநிலையில் இருக்க வேண்டும்.

பிறகு 2011 மே மாதம். கொக்கியின் வடிவமே குறை, மாற்ற வேண்டும் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். பாரம் எவ்வளவு இருந்தாலும் தானாகத் திறக்காத வடிவம் வேண்டும். தராதரத்துக்கு வராதவை கழற்றப்பட வேண்டும். எப்போது? இங்கேதான் அந்த லண்டன் மண்டபத்தின் நாகரிகம் வெளிப்பட்டது. 2014 ஜூலை 1 க்குப் பிறகு கப்பல் தன் வழமையான அட்டவணைப்படி உலர்துறைக்குப் போகும் முதல் தடவை. எப்படியும் 2019 ஜூலை 1 க்குப் பிந்தாமல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொக்கி ஆள் கொல்கிறது என்று 2001 இல் அச்சில் வந்தது. 2011 இல் தீர்மானம். 2019 இல் கடைசித் திகதி. கொக்கிக்கு எட்டு வருட அவகாசம். கொலைக் குற்றவாளியிடம், உங்கள் வீட்டுக்கு அடுத்த முறை வெள்ளை அடிக்கும்போது வசதிப்பட்டால் ஒரு நடை வந்து சரணடையுங்கள் என்று சொல்லும் பொலிஸ் நிலையம் புத்தளத்தில்கூடக் கிடையாது. உலர்துறைக்கு வெளியே மாற்றினால் செலவு, தாமதம், வாடகை நட்டம் என்று கணக்குக் காட்டியிருப்பார்கள். கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் எவ்வளவு டொலர் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். போசன் ஒருவர் இல்லாமல் போனால் இலோயிலோவிலோ தூத்துக்குடியிலோ ஒரு வீட்டில் எவ்வளவு என்பதற்கு நிரல் இல்லை.

புதிய கப்பலில் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்வார்கள். 2006 ஜூலைக்குப் பிறகு கட்டிய மொத்தச் சரக்குக் கப்பல்களுக்குப் பின்புறத்தில் சறுக்கி விழும் படகுதான் கட்டாயம். அதில் விழுவதே வேலை. ஆகவே விழுந்துவிடுமே என்ற பயம் இல்லை. 2014 மார்ச் 1 அன்று, நம் இந்து சமுத்திரத்தில், மேற்கு அவுஸ்திரேலியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது அக்வாரோசா என்ற அப்படியான ஒரு கப்பல். அதன் படகுக்குள் ஒரு பொறியியலாளர் தனியாகச் சோதனை பார்க்கப் போனார். படகு கழன்றது. அப்படிக் கழன்றாலும் பிடித்து நிறுத்த வேண்டிய கம்பிகள் அறுந்தன. மனிதர் பலத்த காயத்தோடு நடுக்கடலில். கப்பல் அவரை விட்டு முன்னே போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து தூக்கினார்கள்.

நமக்கு என்ன என்று கேட்கலாம். கேட்கிறார்கள். நிலக்கரி நமது, கப்பல் அவர்களது, கொடி மூன்றாம் ஆளுடையது, மாலுமி நான்காம் நாட்டுக்காரன். நிலக்கரியின் வெப்பப் பெறுமானத்துக்காக நம் பாராளுமன்றத்தில் தொண்டை கிழியச் சண்டை பிடித்திருக்கிறார்கள். சாம்பல் எத்தனை வீதம், கந்தகம் எத்தனை வீதம், கேள்விப் பத்திரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பக்கம் பக்கமாக ஹன்சார்ட் இருக்கிறது. அந்தக் கரியைக் கொண்டுவருகிறவன் தொங்கும் கொக்கி பற்றி ஒரு உறுப்பினர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. உரிமை இல்லாமல் இல்லை. துறைமுக அரசு என்ற முறையில் வெளிநாட்டுக் கப்பலில் ஏறி, படகைக் காட்டு, கொக்கியைக் காட்டு என்று கேட்கவும், குறை கண்டால் தடுத்து வைக்கவும் இலங்கைக்கு அதிகாரம் உண்டு. அதற்கான இந்து சமுத்திர உடன்பாட்டில் நாமும் உறுப்பினர். ஆனால் தடுத்து வைத்தால் கரி இறங்காது. கரி இறங்காவிட்டால் மின்வெட்டு. மின்வெட்டு வந்தால் தேர்தலில் விழும். கொக்கி கழன்றால் கடலில்தான் விழும். எது பாரம் என்று அமைச்சுகளுக்குத் தெரியும்.

2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்து மூழ்கியபோது கப்பல் என்றால் என்ன என்று இந்த நாட்டுக்கு ஒரு தடவை விளங்கியது. செத்த ஆமைகளை எண்ணினோம், பிளாஸ்ரிக் மணிகளைச் சல்லடை போட்டு அரித்தோம், 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. சரியான தீர்ப்பு, ஒரு சதம் குறைக்கக்கூடாது. கப்பலின் குப்பை கரை ஒதுங்கினால் நமக்குக் கண் தெரிகிறது. கப்பலில் வேலை செய்கிறவன் கரை ஒதுங்குவதில்லை. அவனை விமானத்தில் பெட்டியில் அனுப்பிவிடுகிறார்கள்.

2020 முதல் கொக்கிகளையும் படகுகளையும் வருடந்தோறும் முழுதாகச் சோதிக்க, சான்றிதழ் பெற்ற நிபுணர்கள்தான் வர வேண்டும் என்று விதி இறுகியிருக்கிறது. நல்லதுதான். நிபுணர் வருவார், பார்ப்பார், ஒப்பமிடுவார். ஒப்பமிட்ட பிறகு அதே படகில் உட்கார்ந்து ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும் என்று மட்டும் அதில் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

அதனால் எனக்கு ஒரு யோசனை. சர்வதேச கடல்சார் அமைப்பின் தலைமையகம் லண்டனில் தேம்ஸ் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. வாசலில் மாலுமிகளுக்கு ஒரு வெண்கல நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள், பெரிய கப்பல் முகப்பு, அதில் தனியே ஒரு மாலுமி. 2001 இல் திறந்தார்கள். பிரித்தானிய அறிக்கையும் அதே வருடம்தான் வந்தது. வெண்கலம் வார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. அந்தக் கட்டடத்தின் ஆற்றுப் பக்கச் சுவரில், பதினைந்து மீற்றர் உயரத்தில், 1986 மாதிரிக் கொக்கிகளோடு இரண்டு படகுகளைத் தொங்கவிட வேண்டும். பாதுகாப்புக் குழு கூடும் ஒவ்வொரு தடவையும் முதல் நிகழ்ச்சி படகுப் பயிற்சி. கொடி நாடுகளின் பிரதிநிதிகள் ஒரு படகில், கப்பல் முதலாளிகளின் சங்கத்தார் மற்றதில். கொக்கி செய்த கம்பனிக்காரர் நெம்புகோலுக்குப் பக்கத்தில். கேபிளுக்குக் கடைசியாக எப்போது கிறீஸ் பூசினார்கள் என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம், ஒப்பம் இருக்கும். நார்ப்பட்டி கிடையாது, அது 2009 இல்தான் வந்தது, அவர்கள் 2001 இலிருந்து தொடங்கட்டும். ஆள் இல்லாமல் இறக்கிப் பார்க்கும் சலுகையும் வேண்டாம். கொக்கியை மாற்ற வேண்டும் என்று உள்ளே இருந்து யாராவது கத்தினால், கட்டடத்துக்கு அடுத்த முறை பெயின்ற் அடிக்கும்போது மாற்றித் தரப்படும் என்று கீழே இருந்து பணிவோடு பதில் சொல்ல வேண்டும்.

இலங்கைப் பிரதிநிதிக்கு முன் கொக்கிக்குக் கீழே ஒரு ஆசனம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நிலக்கரியின் வெப்பப் பெறுமானம் பற்றிய கோப்பை அவர் மடியில் வைத்துக்கொள்ளலாம். பட்டியை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.